பதினேழு மரங்களும் நாற்பத்தெட்டுப் பாட்டில்களும்

1. வரப்பில் நாற்பது பேர்

நான் எம்.எல்.ஏ. ஆன மறுநாள் காலையில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் எங்கள் பக்கத்துக்குக் கரண்டு காலையில்தான் வரும். வெற்றி மாலையை ஆணியில் மாட்டிவிட்டு மண்வெட்டியோடு கொல்லைக்குப் போய்விட்டேன். மடையைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தால் வரப்பில் நாற்பது பேர் நிற்கிறார்கள். ஆளுக்கொரு மனு.

"இன்னாங்க எம்மெல்லே, இங்க வந்து நின்னுக்கினு இருக்கீங்க? நாங்க உங்க வூட்டாண்ட போயி தேடிட்டு வர்றோம்" என்றார் முன்னால் நின்றவர்.

சேற்றுக் கையோடு எல்லா மனுவையும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் பாதி மனுக்களில் மை கரைந்திருந்தது. எந்த ஊர், என்ன குறை, ஒன்றும் படிக்க முடியவில்லை. அடுத்த மூன்று நாள் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், "நேத்து குடுத்தீங்களே, அத இன்னொரு தபா எழுதிக் குடுங்க" என்று கேட்டு வாங்கினேன். மனு வாங்குமுன் கையைக் கழுவு என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம். வார்டு மெம்பராகப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் சிலர் எழுதச் சொல்லிக் கேட்டதால் எழுதுகிறேன். பெரிய தத்துவம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்களுக்கு நாலு ஏக்கர் நிலம். எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியதும் ஏர் பிடிக்கப் போனேன். கரும்பு விவசாயிகள் கூட்டங்களில் சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவு தாமதமாவது பற்றிச் சத்தமாகப் பேசுவேன். அதைப் பார்த்துக் கட்சியில் சேர்த்துக்கொண்டார்கள். சீட்டு கிடைத்தது என் திறமையால் அல்ல. தொகுதியில் இரண்டு பெரிய ஆட்கள் இருந்தார்கள். அவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று இவர், இவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று அவர். கடைசியில் இருவருக்கும் ஆபத்தில்லாத ஆளாக நான் தெரிந்தேன்.

சட்டமன்றத்தில் முதல் வருஷம் மூன்று தடவை பேசினேன். மூன்று தடவையும் கல்வராயன் மலைக்குத் தார் ரோடு கேட்டேன். மூன்று தடவையும் "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. ஊருக்கு வந்து அதைச் சொன்னால், "பரிசீலனைன்னா எத்தினி மைல் நீளம்?" என்று கேட்டார்கள். தொகுதியின் பெயரையும் கட்சியின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

2. நான் மலைக்குப் போன காரணம்

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதியார் போராடிய வருஷங்கள் அவை. படித்த பிள்ளைகளுக்குக் காலேஜில் இடமில்லை, வேலையில் இடமில்லை என்ற கோபம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. என் வீட்டிலும் இருந்தது. ஒரு வாரம் சாலைகளை மறிப்பது என்று சங்கம் முடிவு செய்தது. நான் ஆளுங்கட்சி. மறியல் பக்கம் எவரும் தலைகாட்டக் கூடாது என்று கட்சியில் கண்டிப்பான உத்தரவு.

எங்கள் ஒன்றியத்தில் மறியலை நடத்தியவன் பரசுராமன். என் மனைவியின் தம்பி. மறியலுக்கு மூன்று நாள் முன்பு வீட்டுக்கு வந்தான். அக்கா கொடுத்த காபியைத் தொடவில்லை.

"மாமா, ஒன்னு நீ எங்களோட வந்து ரோட்டுல குந்து. இல்லன்னா ராஜினாமா பண்ணு."

"நான் ஆளுங்கட்சிடா."

"மொதல்ல நீ எங்க ஆளு மாமா. அப்புறந்தான் கட்சி."

  அவன் போனதும் என் மனைவி ஆறின காபியை எடுத்துக் கீழே ஊற்றினாள். 

மறியலுக்கு முதல் நாள் என் பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு வெள்ளிமலைக்குப் போய்விட்டேன். ரேஷன் கடை பார்வையிடப் போவதாக எல்லோரிடமும் சொன்னேன். டிரைவரையும் கூட்டிப்போகவில்லை. ரேஷன் கடையைப் பார்க்க அரைமணி நேரம் போதும். நான் ஒரு வாரத்துக்கு வேட்டி சட்டை எடுத்துப் போயிருந்தேன். ஒளிந்துகொள்ளத்தான் போனேன். இத்தனை வருஷம் கழித்து அதை எழுதுவதில் வெட்கமில்லை.

3. செலின் சிஸ்டர்

மறியலின் இரண்டாம் நாள் காலை. நான் தங்கியிருந்த அரசு பங்களாவின் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். முழங்கால் வரை சேலை நனைந்து ஒரு நர்ஸ் வந்து நின்றாள். பெயர் செலின். சங்கராபுரம் பக்கத்துக்காரி, மலையில் வேலை. மாதம் ஒரு முறை மருந்து போதவில்லை என்று எனக்கு மனு அனுப்புவாள். ஆளை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

"சார், இன்னாடு கிராமத்துக்கு அந்தாண்ட ஒரு ஊர்ல முப்பத்தோரு பேருக்கு வாந்தி பேதி. ஓடைத் தண்ணி கெட்டுப்போயிருக்குது. நேத்து ஒரு பெரியவரு போயிட்டாரு. எங்கிட்ட இருந்த ட்ரிப்ஸ் பாட்டிலு எட்டும் தீந்துபோச்சு."

"வேற மருந்து?"

"உப்பும் சர்க்கரையும் கரைச்சிக் குடுத்துக்கினு இருக்கோம். ஏழு பேருக்கு அதுவும் வாயில நிக்க மாட்டேங்குது."

"எம்மாம் நேரம் தாங்குவாங்க?"

அவள் சூரியனைப் பார்த்தாள். "சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம்."

அவளோடு வந்தவர் சடையன். அந்த ஊர்க்கவுண்டர். மலையில் ஊர்த்தலைவரை அப்படித்தான் சொல்வார்கள். ஏழு பேரில் ஒருத்தி அவருடைய மகள். அவர் ஜீப்பின் முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நின்றார். கிளம்பு என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

மருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. நடுவில் மறியல். ஊரில் இருந்த சுகாதார உதவியாளரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளச் சடையனிடம் சொல்லிவிட்டுச் செலின் ஜீப்பில் ஏறினாள். நீ எதுக்கு, நானே வாங்கி வருகிறேன் என்றேன்.

"நான் வரலன்னா ஸ்டோர்ல எது குடுத்தாலும் வாங்கிக்கினு வந்துடுவீங்க சார்."

கரியாலூர் தாண்டி மலைப்பாதை வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் செலின் சொன்னாள். "சார், ஒன்னு சொல்றேன், தப்பா நெனச்சிக்காதீங்க. கீழ யாராவது கேட்டா என் ஊரு பேரச் சொல்லாதீங்க."

எனக்குப் புரிந்தது. அவள் காலனியில் பிறந்தவள். மறியல் நடக்கும் இடங்களில் கூட்டத்தின் கோபம் காலனிப் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயம் அந்த நாட்களில் இருந்தது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. ரோட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் என் சொந்தக்காரர்கள். எனக்கே அவர்களைப் பார்க்க நடுக்கம். அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன்.

4. முதல் மரம்

கச்சிராயபாளையம் தாண்டியதும் முதல் மரம். மூன்று பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்க முடியாத புளியமரம், ரோட்டுக்குக் குறுக்கே கிளையும் இலையுமாகக் கிடந்தது. அதன் மேலும் கீழுமாக இருநூறு பேர். தலையில் துண்டோடு மரத்தின் மேல் பரசுராமன்.

ஜீப்பைப் பார்த்ததும் சத்தம் கிளம்பியது. "வந்துட்டான்யா ஆளுங்கட்சி!" ஒரு கல் பானெட்டில் விழுந்தது. நான் இறங்கினேன். 

விஷயத்தைச் சொன்னேன். பாதிப் பேருக்குக் காதில் விழவில்லை. விழுந்தவர்களும் நம்பவில்லை. "போலீசுக்கு வழி பண்ண வந்திருக்கான்" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர், "வழி வுடறோம். ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். உடனே எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எழுது, எழுது என்று கூச்சல். யாரோ ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து என் கையில் திணித்தார்கள்.

நான் எழுத ஆரம்பித்தேன். வீரத்தால் அல்ல. சாயங்காலம் வரைக்கும்தான் என்று செலின் சொன்னது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் இழுபட வேண்டாமே.

கையெழுத்துப் போடப் போகும்போது செலின் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடாதீங்க சார். ஆஸ்பத்திரி ஸ்டோர்ல எம்மெல்லே கேட்டாத்தான் இந்த நேரத்துல மொத்தமா பாட்டிலு எடுத்துக் குடுப்பாங்க. ராஜினாமா பண்ணவருக்கு யாரு குடுப்பாங்க?" பிறகு மரத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "அய்யா, இவரு இன்னிக்கி ஒரு நாள் எம்மெல்லேவா இருக்கட்டும். நாளைக்கி எழுதி வாங்கிக்கோங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

"நீ எந்த ஊரும்மா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

செலின் என்னைப் பார்த்தாள்.  பரசுராமன் மரத்திலிருந்து குதித்து இறங்கினான்.

"நர்ஸம்மா எந்த ஊரா இருந்தா உனக்கு இன்னா? மேல சாகக் கெடக்கறவன் நம்மள மாதிரி காட்டுல பாடுபடறவன்தான்" என்றான். என்னிடம் வந்து அந்தத் தாளை வாங்கி நாலாகக் கிழித்தான். "மாமா, ஜீப்பு இங்க கெடக்கட்டும். சைக்கிள்ல போலாம் வா. வழில மத்த மரத்துங்களாண்ட நான் சொல்லிக்கிறேன்."

5. இன்டென்ட்

கள்ளக்குறிச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் பதினேழு மரங்களை எண்ணினேன். புளி, வேம்பு, வாகை. ஒவ்வொரு மரத்திலும் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, நாங்கள் ஏறிக் குதித்தோம். ஒவ்வொரு மரத்திலும் பரசுராமன் இறங்கிப் பேசினான். "திரும்பி வருவோம். வரும்போது கையில கண்ணாடி பாட்டிலு இருக்கும். ரெடியா இருங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் உடனே சம்மதித்தார். ஸ்டோரில்தான் தகராறு. அங்கிருந்தவர் நல்ல மனிதர், ஆனால் விதிமுறைக்காரர். இன்டென்ட் என்ற மருந்துக் கோரிக்கைச் சீட்டு மலையிலிருந்து வர வேண்டும், மேலதிகாரி கையெழுத்து வேண்டும் என்றார். போன் செய்தால் லைன் கிடைக்கவில்லை. வழியில் எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்திருந்தது.

"நான் எழுதித் தர்றேன். என் பொறுப்பு" என்று சொல்லி, என் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். சட்டைப் பையில் முத்திரை வைத்திருக்கும் பழக்கம் என்னை அன்று காப்பாற்றியது. செலின் உள்ளே போய் எந்தப் பாட்டில், எந்த ஊசி, எத்தனை டியூப் என்று பொறுக்கி எடுத்தாள். நாற்பத்தெட்டுப் பாட்டில், நான்கு பெட்டி. அப்போதெல்லாம் கண்ணாடிதான். சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டியதும் கடகடவென்று மோதிக்கொண்டன.

முதலில் வந்த மரத்தடியில் ஒரு பெரியவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இப்படிக் கட்டினா மலையில கண்ணாடித் தூளுதான் போய்ச் சேரும்." பக்கத்துக் கரும்புக் கொல்லைக்குப் போய்க் காய்ந்த இலைச் சோகையை அள்ளி வந்து ஒவ்வொரு பாட்டிலையும் சுற்றி அடைத்தார். அப்படியும் மூன்றாவது மரத்தில் ஒரு பெட்டி கை நழுவி, ஒரு பாட்டில் உடைந்தது. தூக்கியவர் உடைந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "நாப்பத்தேழு இருக்குதுங்க, தாராளம்" என்று செலின்தான் அவரைத் தேற்றினாள்.

6. ஒன்பதாவது மரம்

ஒன்பதாவது மரம் வேம்பு. நாங்கள் போய்ச் சேர்ந்து தூக்கிக் கொடுக்க ஆரம்பித்ததில் இரண்டு பெட்டி அந்தப் பக்கம் போய்விட்டது, இரண்டு பெட்டி இந்தப் பக்கம். அப்போதுதான் பின்னாலிருந்து போலீஸ் வந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து மரங்களை அறுத்து ஓரம் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இரண்டு வேன். இறங்கி வரிசையாக நின்றார்கள். கையில் லத்தி, சிலர் கையில் துப்பாக்கி.

மரத்தடியில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். ரோட்டோரம் ஜல்லி கொட்டியிருந்தது. நான் பார்க்கப் பார்க்கவே கைகள் ஜல்லிப் பக்கம் போயின.

இன்ஸ்பெக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சார், நீங்க வெலகுங்க. அஞ்சு நிமிஷத்துல க்ளியர் பண்ணிடுவோம்."

"க்ளியர் பண்ணா பெட்டி இன்னாங்க ஆவும்?"

"என்ன பெட்டி?"

செலின் முன்னால் வந்து ஒரு பெட்டியைத் திறந்து, சோகையை விலக்கிப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.  பாட்டிலுக்குள் தண்ணீர் ஆடியது.

"மலையில ஏழு பேரு இதுக்காக காத்துக்கினு இருக்காங்க சார். பத்து நிமிஷம் குடுங்க. கையால தாண்டித்தான் அந்தப் பக்கம் குடுக்கணும்."

இன்ஸ்பெக்டர் அவளையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இந்தப் பக்கம் திரும்பி, "யப்பா, கல்ல கீழ போடுங்க. ஒரு கல்லு பறந்தா அவங்க சுடுவாங்க. இந்தப் பெட்டியும் போவும், நீங்களும் போவீங்க" என்றேன். சட்டமன்றத்தில் நான் பேசிய மூன்று பேச்சையும்விட அது சின்னப் பேச்சு. யாராவது கேட்ட பேச்சு அது ஒன்றுதான்.

பரசுராமன் முதலில் தன் கையிலிருந்த கல்லைப் போட்டான். பக்கத்தில் நின்றவர்கள் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பத்து நிமிஷம்" என்றார்.

பெட்டிகள் கைமாறின. கிளையின் மேல் நின்றவர் வாங்கி, அடுத்தவரிடம் கொடுத்து, அந்தப் பக்கம் இறக்கினார்கள். கடைசிப் பெட்டி கிளையில் சிக்கியபோது, சொல்லாமலே ஒரு கான்ஸ்டபிள் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து கிளையை வளைத்துப் பிடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. பெட்டிகள் அந்தப் பக்கம் இறங்கியதும் ஆட்கள் பெட்டிகளின் பின்னாலேயே நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த மரத்தில் தூக்கிக் கொடுக்க ஆள் வேண்டுமே. நூற்றைம்பது பேரும் போய்விட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் மரமும் போலீசும் மட்டும்தான். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அன்று யாரையும் அடிக்க மனமில்லை என்றே நினைக்கிறேன்.

7. மலையில் விடிந்தது

ஜீப்பை எடுக்கும்போது மூன்று மணி. வெயில் இருக்கும்போதே ஊரை அடைந்தோம். ஏழு பேரும் உயிரோடு இருந்தார்கள். செலின் கையைக் கழுவிக்கொண்டு குடிசை குடிசையாகப் போனாள். கூரை மூங்கிலில் கயிறு கட்டிப் பாட்டில்களைத் தொங்கவிட்டோம். சடையன் மகளுக்கு நரம்பு கிடைக்கவில்லை. நாலாவது முறை குத்தியபோது கிடைத்தது. சடையன் வெளியே திண்ணையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

நான் செய்ய ஒன்றுமில்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் காய்ச்சினேன்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். சடையன் வீட்டிலிருந்து செலினின் சத்தம். நான் பதறி ஓடினேன். அவள் வாசலில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். "மூத்திரம் போயிட்டா சார்! மூத்திரம் போயிட்டா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உடம்பில் தண்ணீர் ஏறிவிட்டது, இனிப் பயமில்லை, அதற்கு அடையாளம் அது என்று பிறகு விளக்கினாள். சடையன் எழுந்து, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். போடத் தோன்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதார். மத்தியானத்துக்குள் மற்ற ஆறு பேரும் தேறிவிட்டார்கள். மருந்து வருமுன்பே போன அந்தப் பெரியவரைத் தவிர வேறு யாரையும் அந்த ஊர் இழக்கவில்லை.

8. லிஸ்ட்டு

மறியல் முடிந்தது. போலீஸ் வழக்குப் போட ஆரம்பித்தது. பரசுராமன் நைனார்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டில் பதுங்கிக்கொண்டான். கட்சியின் மாவட்டச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் தொகுதில பதினேழு மரம் வுழுந்துருக்குது. நீ அந்த வழியா போயிட்டு வந்திருக்கே. யார் யார் இருந்தாங்கன்னு உன் கையெழுத்துல ஸ்டேட்மென்ட் வேணும். குடுக்கலன்னா நீயும் அவனுங்க ஆளுன்னு மேல முடிவு பண்ணிடுவாங்க. ஒரு வாரம் டைம்."

எழுதிக் கொடுத்தால் மச்சினனும் ஊரும் ஜெயிலுக்குப் போவார்கள். கொடுக்காவிட்டால் நான் கட்சியை விட்டுப் போக வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் யோசித்தேன். பிறகு ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். பார்த்ததை எழுதுவோம், ஆனால் பார்த்தது எல்லாவற்றையும் எழுதுவோம் என்று முடிவு செய்தேன். பெட்டி தூக்கியவர்களில் பாதிப் பேர் பெயர் எனக்குத் தெரியாது. ஊர் ஊராகப் போய்க் கேட்கலாம் என்று போனால் கதவைச் சாத்தினார்கள். "லிஸ்ட்டு எடுக்க வந்துட்டான்டா!" என்று ஆண்கள் கொல்லைப் பக்கம் ஓடினார்கள்.

விஷயம் எப்படியோ மலைக்கு எட்டியிருக்கிறது. மறுநாள் செலின் பஸ் ஏறி வந்துவிட்டாள். அந்த ஒன்பதாவது மரத்து ஊரின் நடுவில் நின்றாள். ஒரு அம்மாள் கதவிடுக்கிலிருந்து, "நீ யாரும்மா?" என்று கேட்டாள்.

"நான் மலை நர்ஸு. செலின். சங்கராபுரம் பக்கம் காலனிதான் எங்க வூடு." அவள் இதைச் சத்தமாகவே சொன்னாள். "உங்க வூட்டு ஆம்பளைங்க தூக்கிக் குடுத்த பாட்டிலு எத்தினி பேர எழுப்பி உக்கார வெச்சிதுன்னு சொல்ல வந்தேன். பேரு குடுங்க. நல்லதுக்குத்தான் எழுதறாரு."

கதவு திறந்தது. அந்த அம்மாள் முதலில் செலினுக்கு ஒரு சொம்பு மோர் கொண்டு வந்தாள். பிறகு தன் மகன் பெயரைச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் நாற்பத்து மூன்று பெயர் சேர்ந்தது.

ஸ்டேட்மென்ட்டை நானே எழுதினேன். இன்ன மரம், இன்ன இடம், இன்னின்னார் மறியலில் உட்கார்ந்திருந்தார்கள், அதே ஆட்கள் மருந்துப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஒன்றையும் மறைக்கவில்லை. மாவட்டச் செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இதுல மரம் வெட்டினவன் ஒருத்தனும் இல்லியே?"

"வெட்டும்போது நான் பார்க்கலிங்க. மலைல இருந்தேன்."

"மலைல இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"ஒளிஞ்சிக்கினு இருந்தேன்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இத்தினி வருசத்துல ஒளிஞ்சேன்னு ஒத்துக்கினவன் நீ ஒருத்தன்தான். கொண்டுபோயி ஸ்டேஷன்ல குடு. மேல நான் பேசிக்கிறேன்."

போலீஸ் ஸ்டேஷனில் அதை வாங்கியவர் அதே இன்ஸ்பெக்டர். படித்துவிட்டு, "ஒன்பதாவது மரத்துல ஒரு பேர் விட்டுப்போச்சு சார்" என்றார்.  கிளையை வளைத்துப் பிடித்த கான்ஸ்டபிளின் பெயரைச் சொன்னார். எழுதிச் சேர்த்தேன். அந்தப் பதினேழு மரங்களுக்காகப் போட்ட வழக்கில் கடைசி வரை குற்றப்பத்திரிகை வரவில்லை.

9. பிறகு

அடுத்த தேர்தலில் தோற்றேன். அதற்கும் அடுத்ததில் ஜெயித்தேன். பின்னால் வந்த ஆட்சியில் ஒதுக்கீடு வந்தது. மலைக்கு ரோடும் வந்தது, நான் கேட்ட காலத்தில் அல்ல. எனக்குப் பெருமை எதுவும் சேரவில்லை. ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் வரும்.

பிள்ளைகளே, உங்களிடமும் ஒருநாள் யாராவது லிஸ்ட்டு கேட்பார்கள். அதிகாரிகள் கேட்பார்கள், கட்சி கேட்கும், உங்கள் சொந்த சாதியே கேட்கும். பார்க்காததை எழுதாதீர்கள். பார்த்ததில் பாதியை மட்டும் எழுதாதீர்கள். ஒரு மனிதன் காலையில் செய்ததையும் மத்தியானம் செய்ததையும் சேர்த்து எழுதுங்கள். இத்தனை வருஷத்தில் நான் கற்றது இவ்வளவுதான்.

வழக்கு நடக்காது என்று தெரிந்த வாரம் பரசுராமன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். இலையில் உட்கார்ந்ததும் கேட்டான்.

"மாமா, லிஸ்ட்டுல என் பேரு எழுதினியா?"

"எழுதினேன்."

"இன்னான்னு?"

"மொத மரத்துல குந்தியிருந்தான். எறங்கி வந்து வழி காட்டினான். பதினேழு மரத்துலயும் பெட்டி தூக்கினான்."

அவன் இலையில் தண்ணீர் தெளித்தான். "மொத மரத்துல மொத வெட்டு நான்தான் மாமா வெட்டினேன்."

"நான் பார்க்கல."

என் மனைவி குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். இத்தனை நாளாக எங்கள் இருவரிடமும் சரியாகப் பேசாதவள். "ரெண்டு பேரும் வாய மூடிக்கினு சாப்பிடுங்க" என்று சொல்லி, தம்பி இலையிலும் என் இலையிலும் குழம்பை ஊற்றினாள். நாங்கள் சாப்பிட ஆரம்பித்தோம்.